வெட்டிய ஓரம்

எட்டு மாதம் ஆகிறது, லிங்கேஸ்.
உன் படவரியில் இதுவரை
நான் வந்தது மூன்று முறை:
ஒரு முழங்கை,
பாதி குடித்த தே ஓ ஐஸ்,
நாற்காலியில் கிடந்த என் துப்பட்டாவின் மஞ்சள் நுனி.
அந்த நுனிக்குக் கீழே ஒருத்தி கேட்டிருந்தாள்,
'யாரு அது?'
நீ ஒரு சிரிப்பு முகம் போட்டாய்.
சிரிப்பு முகம்
எந்த ஊரில் பதில்?

பாடாங் செராயில் எல்லாருக்கும் தெரியும்.
நாசி லெமாக் விற்கும் மல்லிகாக்கா
நான் தனியாகப் போனாலும் இரண்டு பொட்டலம் கட்டுகிறார்,
உன்னுடையதில் நெத்திலி கூடுதல்.
ஒர்க்ஷாப் ஆ லியோங்
உன் பைக் தயாரானதும் எனக்குத்தான் அழைக்கிறான்.
கோயில் வாசலில் செருப்பு தேடும்போதுகூட
'அவன் வரலையா?' என்கிறார்கள்.
செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிக்காரர்
நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஹாரன் அடிக்கிறார்.
ஊரே அறிந்ததை
உன் ஆயிரத்து இருநூறு பேர் மட்டும் அறியவில்லை.

கூலிமில் எனக்கு இரவு ஷிப்ட்.
ஒரு மணி நாற்பதுக்கு, பத்து நிமிட ஓய்வில்,
லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுக்கிறேன்.
'சாப்பிட்டியா' என்று நான் கேட்டதற்குப் பக்கத்தில்
இரண்டு நீலக் குறி. அவ்வளவுதான்.
பினாங்கில் யாரோ ஒரு பிரவீணாவின்
நீச்சல்குளப் படத்துக்குக் கீழே
உன் நெருப்புக் குறி,
ஆறு நிமிடத்துக்கு முன்பு.
நெருப்பு இருக்கட்டும்.
ஒரு 'ம்' தட்ட
எத்தனை விரல் வேண்டும்?

சொல்லிவிடுகிறேன், நானும் யோக்கியமில்லை.
பூனைப் படம் வைத்து ஒரு பொய்க் கணக்கு திறந்து
உன்னைப் பின்தொடர்கிறேன்.
அந்தப் பூனைக்கு நீ
'ஹாய், எந்த ஊரு?' என்று எழுதினாய்.
மூன்றே நிமிடத்தில்.
எனக்கு மூன்று நாள்.
ஒரு பூனைமேல் வந்த பொறாமையை
யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன சனிக்கிழமை, பசார் மாலம் போகும் வழியில்,
தோட்டத்துச் செம்மண் பாதையில் பைக்கை நிறுத்தினாய்.
பின்சீட்டில், என் இடத்தில்,
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாய்.
'வெளிச்சம் நல்லா இருக்கு, ஒன்னு புடி லா.'
பிடித்தேன்.
'உன் நிழல் விழுது.'
தள்ளி நின்றேன்.
'இன்னும் விழுது.'
இன்னும் தள்ளி, கால்வாய் ஓரம்
வெட்டிய மட்டைகள் குவிந்த இடம்வரை.
சூரியன் என் முதுகில், லிங்கேஸ்.
ஐந்தடி இருட்டை
நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?
'பரவால்ல, வீட்டுக்குப் போய் அழிச்சிக்கிறேன்.'

மட்டை முள் கிழித்த கணுக்காலோடு ஏறிக்கொண்டேன்.
நீ கேட்கவில்லை. நான் காட்டவில்லை.
ஆனால் அப்பாம் பாலேக் வாங்கும்போது
'சோளம் நிறைய போடுங்க' என்றாய்,
எனக்குப் பிடிக்கும் என்று.
இதுதான் உன்னிடம் தொல்லை.
முழுசாகத் திட்டவும் விடமாட்டாய்.

ராத்திரி படம் வந்தது.
'தனியாப் பொறந்தோம், தனியாப் போவோம்.'
நூற்று நாற்பத்து மூன்று இதயங்கள்.
என் நிழல் கிடந்த இடத்தில்
செம்மண் சுத்தமாக இருந்தது,
கொஞ்சம் புல்கூட முளைத்திருந்தது.
விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
இன்னும்.
படம் மணல்மணலாய் உதிரும்வரை.

அங்கே, பைக்கின் வலப்பக்கக் கண்ணாடியில்,
அரிசி அளவு,
மட்டைக் குவியல்மேல் ஒற்றைக் காலில்
நான்.
நீ அழிக்க மறந்தது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
உன் கைப்பேசி.

பூனையின் கணக்கைத் திறந்தேன்.
படத்துக்குக் கீழே எழுதினேன்:
'கண்ணாடியில யாரு அது?'

மணி பன்னிரண்டு பத்து.
மூன்று நிமிடம் தருகிறேன்.